தாளில் இருந்த வடக்கு

பந்தல்காரரிடமிருந்து வாடகைக்கு வந்த ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எட்சன் அலுவலகத்தின் முன்னறையில் சுவரை ஒட்டி வரிசையாகப் போட்டான். ஒன்றின் கால் ஆடியது. அதைக் கடைசிக்குத் தள்ளி, அடியில் சிகரெட் அட்டையை மடித்துச் செருகினான். மணி ஒன்பதரை. தக்கலையில் பள்ளிக்கூட நேரத்து நெரிசல் இன்னும் ஓயவில்லை; கீழே நாகர்கோவில் பேருந்து ஒன்று ஹாரனை அமுக்கிப் பிடித்தபடியே நகர்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஐந்து பேர் நேர்முகத்துக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் தேர்வானால் அவருக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி வேண்டியிருக்கும் என்ற நினைப்பு, விழுங்கிய மீன்முள்போல முந்தின நாள்வரை அவனுக்கு உள்ளே எங்கோ குத்திக்கொண்டிருந்தது.

அனில்குமாரின் கட்டுமான நிறுவனத்தில் ஆளுக்கொரு நாற்காலிதான். அங்கே யாரையும் வேலையை விட்டுப் போகச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் நாற்காலி இருக்காது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் படம் வரைந்த மரியஜானுக்குப் போன வருடம் அப்படித்தான் நடந்தது. அவர் சோற்றுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தார், நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார், பழுது பார்க்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்தவராக நின்றபடியே கணினியைப் போட்டார். பதினொன்றரை வரை நின்றுகொண்டே வேலை செய்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாயா வந்தது, குடித்தார். ஒரு மணிக்கு முன்பாகப் பாத்திரத்தைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எதிர் மேசையில் இருந்த எட்சன் அந்த நேரம் முழுக்கக் காதில் போனை வைத்து, மறுமுனையில் யாருமில்லாமலே கம்பி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு மரியஜானின் வேலையும் அவன் தலையில் விழுந்தது. நாற்பத்தாறு வயது, டிப்ளமோ படிப்பு, பத்தொன்பது வருடம் ஒரே இடம். தினமும் படியேறி வந்ததும் அவன் கண் முதலில் போவது தன் நாற்காலிக்குத்தான்.

தோவாளையில் மூன்று மாடி ஓட்டல் ஒன்றின் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓமானில் இருக்கும் மருத்துவர் குடும்பம் ஒன்று அதற்குச் சொந்தம். வாசலில் பசுமைக் கட்டடம் என்று பொறித்த பலகை மாட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கு மதிப்பீட்டு அமைப்புக்கு ஒரு அறிக்கை போக வேண்டும். அந்த அமைப்பு நடத்தும் தேர்வில் தேறிப் பதிவெண் வாங்கிய நிபுணர் ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும். "ஆவணி ஒண்ணுக்கு முன்ன ரிப்போர்ட் போவணும் எட்சா. போவல்லன்னா அவிய வேலைய திருவனந்தபுரத்துக்காரனுக்குக் குடுப்பாவ. பொறவு நீ எதுக்கு, நான் எதுக்கு?" என்றார் அனில்குமார். நாளிதழில் விளம்பரத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்: பச்சைக் கட்டட நிபுணர் தேவை.

அந்த வாரம் எட்சனுக்கு வந்த அழைப்புகள் தனிக் கதை. செடிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் லாரியில் குரோட்டன்ஸ் ஏற்றி அனுப்பவா என்றார். குலசேகரத்துப் பெயின்டர் ஒருவர், உள்ளேயும் பச்சையா வெளியே மட்டுமா என்று கேட்டார். கட்டட வேலை செய்கிறவர்களுக்குப் பச்சை என்றால் ஈரம் இறுகாத கான்கிரீட். அதில் கால் வைத்தால் தடம் சாகும்வரை போகாது. அதனால் மார்த்தாண்டத்துக் கொத்தனார் ஒருவர்தான் உண்மையாகவே குழம்பிப்போனார். "பச்சையா இருக்கம்ப நிபுணரு எதுக்கு சார்? ஒரு ஆளு நின்னு தண்ணி நனைச்சாப் போராதா?" பிறகு எட்சன் இணையத்தில் ஆங்கிலத்தில் போட்டு, ஐந்து பேரைப் பிடித்தான்.

ஐந்து பேரையும் என்ன செய்வது என்பதை அனில்குமார் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தார். அவர் மட்டி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எப்போதும் மேசையில் ஒரு சீப்பு இருக்கும். யாருக்கும் கொடுக்க மாட்டார்.

"எங்க அம்ம வடசேரி சந்தைக்குப் போனா அஞ்சு கடையில ஏத்தங்கா சிப்ஸ் ருசி பாப்பா. இங்க ரெண்டு, அங்க நாலு. ஒருத்தன்கிட்டயும் வாங்க மாட்டா. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு வேண்டாம்லே, வயிறு நெறஞ்சு போச்சும்பா. வெளங்கிச்சா?"

"வெளங்கல்லண்ணே."

"அஞ்சு பேருக்கும் பரீட்ச வைக்கோம். ஒருத்தனுக்குத் தண்ணி, ஒருத்தனுக்குக் கரண்டு, இன்னொருத்தனுக்குச் செங்கல். ஆளுக்கு ஒரு பங்கு. நல்லா செய்தவனுக்கு வேலைன்னு சொல்லு, உயிரக் குடுத்துச் செய்வான். அஞ்சையும் சேத்துத் தைச்சா ரிப்போர்ட்டு. ஒருத்தனையும் எடுக்கண்டாம்."

எட்சன் சிரித்தான். முதலாளியின் சாமர்த்தியத்துக்காகச் சிரித்ததாக அனில்குமார் எடுத்துக்கொண்டார். உண்மையில் அது நிம்மதி. புது நாற்காலி எதுவும் வராது.

பத்து மணிக்கு ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். தேங்காப்பட்டணத்து ஜக்கரியாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தோகாவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, கல்யாண ஆல்பம்போலக் கொண்டுவந்திருந்தார். மூன்று பேர் இளைஞர்கள். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். கடைசியில், ஆடுகிற நாற்காலியில், குளச்சல் பெண் ஷஹ்லா. இருபத்தேழு வயது. கட்டடக்கலை படித்து, கொச்சியில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை. நிபுணர் தேர்வில் தேறிப் பதிவெண் வைத்திருந்தவர்கள் அந்த ஐந்தில் இரண்டே பேர்: ஜக்கரியா, அவள். வாப்பா இறந்த பிறகு உம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள், இந்த மாவட்டத்துக்குள் தன் படிப்புக்கு ஒரு வேலை வரும் என்று நினைத்ததே இல்லை, விளம்பரத்தைப் பார்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

"மழை வந்தா கொளச்சல்லேருந்து வருவியா? இல்ல, பஸ்சு இல்லேன்னு போன் போடுவியா?" என்றார் அனில்குமார்.

"மழை வந்தா எங்கல்லாம் ஒழுகுதுன்னு பாக்க அன்னைக்குத்தான் சார் நான் முதல்ல வரணும்."

"கல்யாணம் ஆனா?"

"அப்பவும் ஒழுகத்தானே சார் செய்யும்."

அனில்குமார் பலமாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நேர்முகம் நன்றாகப் போய்விட்டது என்று நினைத்தவளின் சிரிப்பு அது. எட்சன் தலையைக் குனிந்து, கட்டட வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். அவளுடைய பங்கு வெளிச்சமும் வெயிலும்: எந்தச் சன்னலில் எவ்வளவு வெயில், எங்கே மறைப்பு வேண்டும். பத்து நாள் நேரம். ஐந்து பேருடைய எண்களையும் அவன் போனில் சேமித்துக்கொண்டான். பெயர்கள் குழம்பும் என்று தண்ணி, கரண்டு, செங்கல், குப்பை, வெளிச்சம் என்றே போட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருட தோகா அவன் போனில் 'தண்ணி' ஆனது. சன்னல் வழியாகப் பார்த்தபோது ஐந்து பேரும் எதிர்ச் சாயாக் கடையில் நின்று, போட்டியாளர்களுக்குள் வரும் அந்தத் திடீர்ச் சிநேகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஜக்கரியா எல்லாருக்குமாகக் காசு கொடுத்தார்.

ஒன்பதாம் நாளுக்குள் நான்கு பங்குகள் வந்து சேர்ந்தன. வெளிச்சம் மட்டும் வரவில்லை. பதிலாக அவள் அழைத்தாள்.

"சார், ஒரு சந்தேகம். நான் இப்ப தோவாளை சைட்டுலதான் நிக்கேன். நீங்க வர முடியுமா?"

அவள் அங்கே போவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மற்ற நால்வரும் தாளைப் பார்த்தே முடித்துவிட்டார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஆடிக்காற்று தோவாளையில் ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது. சந்தையிலிருந்து திரும்பும் பூக்கூடைகளின் மேல் ஈரச் சாக்குகள் படபடத்தன. அவன் மொட்டைமாடி ஏறும்போதே நாராயணபெருமாள் கொத்தனாரின் சத்தம் கேட்டது.

"பச்ச! பச்ச! ஏ பிள்ள, பச்ச!"

கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் அன்று காலையில் போட்ட சிமெண்டு ஒட்டுத்தளம் ஈரம் காயாமல் கிடந்தது. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்த ஷஹ்லா, தலைத்துணியை ஒரு கையால் பிடித்தபடி கொத்தனாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். பசுமைக் கட்டடத்துக்காரி என்று தன்னைத்தான் கேலியாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சிரித்தபடியே இன்னொரு அடி எடுத்து வைத்தாள். பாதம் முழுவதும் உள்ளே அழுந்தியது.

"சவம், கொச்சியில இதொண்ணும் படிச்சுத் தரல்லியா மக்களே?" என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அவள் வெட்கத்தில் குழாயடிக்கு ஓடிக் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொத்தனார் கரணையால் தடத்தைத் தடவப் போனவர், காற்றில் மேல்பரப்பு இறுகத் தொடங்கிவிட்டதைப் பார்த்து, "கெடக்கட்டு. மேல ஓடு போட்டா மூடிரும்" என்று விட்டுவிட்டார்.

"சார், வடக்கு எது?" என்றாள் ஷஹ்லா.

எட்சன் கை நீட்டி இடது பக்கம் காட்டினான். இந்தக் கட்டடத்துக்கு நூல் பிடித்தவன் அவன்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"படத்துல?"

அவள் விரித்த தாளை இருவருமாகக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டார்கள். தாளில் வடக்கு, கட்டடத்தின் முகப்புக்கு நேராக, மேல்நோக்கி இருந்தது.

"அந்தக் காத்தாடியப் பாருங்க சார்." கட்டடத்தின் முகப்புக்கு நேரே, ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்தன. "ஆடியில காத்து மேக்கேருந்து வருது. காத்தாடி எல்லாம் மேக்க பாத்துத்தான் நிக்கும். இப்ப நம்ம மூஞ்சியப் பாத்து நிக்குது. அப்போ நம்ம கட்டடம் கெழக்க பாத்து நிக்குது. படத்துல இது வடக்கு. பின்பக்கம் பதினெட்டு ரூமுக்கும் முழுக் கண்ணாடி போட்டிருக்கீங்க. தெக்குப் பக்கம்னு நெனச்சு மேல சின்ன மறைப்புதான் குடுத்திருக்கு. ஆனா அது மேக்கு சார். மூணு மணிக்கு மேல பதினெட்டும் அடுப்பு."

எட்சன் தாளிலிருந்த வடக்கு அம்புக்குறியை உற்றுப் பார்த்தான். முதல் வரைவில் முகப்பு வடக்கேதான் இருந்தது. பிறகு வாஸ்து பார்க்கிறவர் வந்து கிழக்கே திருப்பச் சொன்னார். மூலை மனை என்பதால் கட்டடத்தை அப்படியே கால்வட்டம் திருப்பினார்கள். தளத்தில் எல்லாரும் திரும்பினார்கள். தாளில் அம்புக்குறி மட்டும் திரும்பவில்லை. மரியஜான் இருந்தவரை ஒவ்வொரு படத்திலும் வடக்கைக் கையால் தனியாகப் போடுவார். அவர் போன பிறகு எட்சன், நிறுவனத்தின் பெயரும் முகவரியும் உள்ள பழைய கட்டத்தை அம்புக்குறியோடு சேர்த்தே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். ஒன்றரை வருடமாக அவன் வரைந்த எல்லாக் கட்டடங்களுக்கும் வடக்கு மேலேதான் இருந்தது.

"நல்லவேள மேக்குப் பக்கம் கண்ணாடி இன்னும் மாட்டல்ல சார். இப்பவே மாத்திரலாம்." அவள் தாளை மடித்தாள். தயங்கிவிட்டு, "மத்தவங்களுக்கும் இதே படம்தான குடுத்தீங்க? கரண்டு செய்தவங்க சோலார் தகடு எல்லாத்தையும் தப்பான பக்கம் வச்சிருப்பாங்களே. எனக்கு வெளிச்சம், ஜக்கரியா சாருக்குத் தண்ணி, அவங்களுக்குக் கரண்டு... அப்போ அஞ்சு பேரையும் எடுக்கப் போறீங்களா சார்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. பெரிய வேலை போலிருக்கிறது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"இல்லம்மா. உன்னத்தான் எடுப்போம்" என்றான். "நிச்சயம் மாதிரிதான், வச்சுக்கோ."

சொன்ன நேரத்தில் அதை அவன் நம்பினான் என்றே சொல்ல வேண்டும். பைக்கில் திரும்பும்போது அவனுக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. இவள் வந்தால் தன் வேலையில் பாதி குறையும், படங்களை இவளே பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டான். அன்று மாலையே மற்ற நால்வரின் பங்குகளையும் அவளுக்கு அனுப்பி, திசையைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டான். போனில் 'வெளிச்சம்' என்றிருந்ததை 'வடக்கு' என்று மாற்றினான். மூன்றே நாளில் நூற்றுப் பத்துப் பக்கம் வந்தது. திருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. அவள் முழு அறிக்கையையும் முதலிலிருந்து எழுதியிருந்தாள். ஜக்கரியாவின் கணக்கில் இருந்த ஒரு பிழையைக்கூட, அடிக்குறிப்பில் அவர் மனம் நோகாதபடி சரிசெய்திருந்தாள்.

அனில்குமார் பக்கங்களைப் புரட்டினார். பழத்தோலை அறிக்கையின் மேலேயே வைத்தார்.

"அண்ணே, அந்தக் கொளச்சல் பிள்ளைய நாம எடுக்கலாம்" என்றான் எட்சன்.

"எடுப்போமே. அதுக்கென்ன?" கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். அங்கே எட்சனின் நாற்காலி இருந்தது. அதன் முதுகில் அவனுடைய மழைக்கோட்டு தொங்கியது. "ஆனா அவ எங்க இருப்பா?"

எட்சனும் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

"ரிப்போர்ட்டு எழுதுவா. படம் வரைவா. கம்ப்யூட்டர் தெரியும். வயசு இருவத்தேளு. அவ வந்தாச்சுன்னா உனக்கு இங்க என்ன சோலின்னு நீயே யோசிச்சுச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்லல்ல, கேட்டியா." அடுத்த பழத்தை எடுத்தார். "ஆமா, படத்துல என்னமோ தப்பு இருந்துச்சாமே. பெருமாள் கொத்தனார் பறஞ்சாரு. படம் யாரு வரைஞ்சது?"

சன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. நடத்துனரின் விசில் விட்டுவிட்டுக் கேட்டது.

"மரியஜான் வரைஞ்சதுண்ணே. பழசு."

"சவத்தெளவு. போயும் அவனுக்க ஏளரை நம்மள விடல்ல. தப்பக் கண்டது யாரு?"

"நான்தாண்ணே. சைட்டுல நிக்கம்ப காத்தாடி திரும்பி நிக்கதப் பாத்தேன். செக் பண்ணினேன்."

"கொள்ளாம்லே எட்சா!" அனில்குமார் சீப்பிலிருந்து ஒரு மட்டிப்பழத்தைப் பிய்த்து அவனிடம் நீட்டினார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. "அப்போ அந்தப் பிள்ளைக்கிட்ட கையெழுத்த மட்டும் வாங்கிரு. சர்ட்டிபிகேட்டு கைக்கு வந்த பொறவு, அது வேற வேல கெடச்சுப் போயிட்டுன்னு எழுதிக்கலாம். பளத்தத் தின்னு."

எட்சன் தின்றான். நன்றாகப் பழுத்திருந்தது.

மறுநாள் தக்கலைப் பேக்கரி ஒன்றில் அவளைச் சந்தித்தான். ஷஹ்லா ஒரு எவர்சில்வர் டப்பாவை மேசையில் வைத்தாள். "உம்மா குடுத்து விட்டா சார். அல்வா. நீங்க சொன்னதக் கேட்டதுலேருந்து உம்மா தரையில நிக்கல. தெருவெல்லாம் சொல்லிட்டா."

"கொச்சியில...?"

"வேல வேண்டாம்னு மெயில் போட்டுட்டேன் சார். உடனே விட்டுட்டாங்க. அங்க எடத்துக்கு ஆளு காத்துக் கெடக்கு."

அவன் உறையிலிருந்து படிவத்தை எடுத்தான். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். விண்ணப்பத்தை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

"இது ஜாயினிங் ஃபாரமா சார்?"

எட்சன் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தான். "அதோட சேந்த ஒண்ணு" என்றான்.

அவள் படிக்காமல் விடவில்லை. படித்தாள். திட்டத்தின் அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் என்ற வரிக்கு நேராகத் தன் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை எட்சன் பார்த்தான். பதிவெண்ணை மனப்பாடமாக எழுதினாள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாளைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா, உம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னான். அதில் மறுப்பதற்கு என்ன இருக்கிறது.

அல்வாவை அவன் மனைவி ஜிஷாவும் மகளும் இரண்டு நாளில் தின்று தீர்த்தார்கள். "பாத்திரத்தச் சும்மா திருப்பிக் குடுக்கப்பிடாது" என்று ஜிஷா டப்பாவைக் கழுவி, அச்சப்பம் சுட்டு நிறைத்து, பைக்கின் முன்கொக்கியில் பையோடு மாட்டிவிட்டாள். மறுநாளே கொடுத்துவிடுவான் என்று நினைத்தாள். பை அங்கேயே தொங்கியது. முதல் வாரம் ஷஹ்லா அழைத்தபோது, முதலாளி ஊரில் இல்லை என்றான். இரண்டாம் வாரம், ஓமான்காரர்கள் பதில் சொல்லட்டும் என்றான். மூன்றாம் வாரம் எடுப்பதை நிறுத்திவிட்டான். போன் அடுக்களை மேடையில் கிடந்து அதிர்ந்தபோது ஜிஷா எட்டிப் பார்த்தாள்.

"யாரது வடக்கு? தெக்கு, கெழக்கெல்லாம் போன் பண்ணாதா?"

"சைட்டு" என்றான்.

அலுவலகத்தில் அவனுக்குச் சுழல் நாற்காலி வந்திருந்தது. பசுமை ஒருங்கிணைப்பாளர் என்று கண்ணாடியில் ஒட்டுத்தாள். சாய்ந்தால் பின்னால் போகும், காலை ஊன்றினால் சுற்றும். முதல் இரண்டு நாள் பழக்கமில்லாமல், எழுந்து திரும்பி வரும்போதெல்லாம் அது வேறு பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டு அவனுக்குத் திக்கென்றது.

ஆவணி நடுவில் மதிப்பீட்டாளர் சென்னையிலிருந்து தோவாளைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர். அறிக்கையைத் தன் வாழ்நாளில் பார்த்த நல்ல அறிக்கைகளில் ஒன்று என்றார். அனில்குமார் எட்சனின் தோளில் கைபோட்டு, "நம்ம எட்சன்தான் சார், பாத்துப் பாத்துச் செய்தது" என்று சொல்லிவிட்டு, ஓமானுக்குச் செய்தி சொல்லக் கீழே இறங்கிப் போனார். எட்சன் மதிப்பீட்டாளரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனான். காற்று இன்னும் அடங்கவில்லை. ஒட்டுத்தளத்தின் மேல் இன்னும் ஓடு பதிக்கவில்லை.

"யார் கால் சார் இது?" மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்தார். மெல்லிய சிறிய பாதம். ஐந்து விரலும் தெளிவாக.

"யாரோ வேலக்காரிங்க சார். தெரியல."

"ம்." அவர் தடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். "அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போட்ட மேடம் எங்க? கீழ கேட்டேன், உங்க சார் லீவுன்னார்."

"ஆமா சார். வீட்டுல கொஞ்சம் சொகமில்ல. லீவுதான்."

"அப்படியா? விசிட் தேதிய அவங்களுக்குத்தான சார் மெயில் போட்டேன். எங்க முறை அதுதான். பத்தரைக்கு வந்திடறேன்னு பதில் போட்டாங்களே. ரொம்ப சந்தோஷம்னு வேற எழுதியிருந்தாங்க."

அவர் தாளைப் புரட்டிக்கொண்டே அடுத்த வேலைக்கு வந்தார். "சரி, வடக்க ஒரு தடவ உறுதிப்படுத்திப்போம். திசைகாட்டி வச்சிருக்கீங்களா?"

எட்சன் போனில் திசைகாட்டியைத் திறந்து கைப்பிடிச் சுவரின் மேல், பூச்சு வழவழப்பாக இருந்த இடத்தில் வைத்தான். ஊசி இரண்டு பக்கமும் ஆடியது. இருவரும் குனிந்து நின்றார்கள். ஊசி நின்றது. மதிப்பீட்டாளர் தாளைத் திருப்பி அதோடு ஒத்துப் பார்த்து, "பர்ஃபெக்ட்" என்று சொல்ல வாயெடுத்தபோது திரை மாறியது. ஊசி இருந்த இடத்தில் பெரிய வெள்ளை எழுத்து: வடக்கு.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்ல போன் சார். கேட்டதும் அதுவே கூப்பிடுது."

கீழே வாசலில் ஒரு கறுப்புக் குடை காற்றில் மேல்நோக்கி மடங்கியிருந்தது. காவல்காரர் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டியபடி நின்றார். ஷஹ்லா குடையை விட்டுவிட்டு, எட்சனின் பைக்குக்குப் பக்கத்தில், அதன் கொக்கியில் தொங்கிய பையை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் காதோடு போன். மேலே ஆட்களைக் கண்டுவிட்டாள். மறுகையைத் தலைக்கு மேல் தூக்கி, இங்கே இருக்கிறேன் என்பதுபோல வேகமாக ஆட்டினாள்.

"மேடம்தானா சார் அது?" என்றார் மதிப்பீட்டாளர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

சிமெண்டின் மேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் காற்றாலைகளைப் பார்த்து, பிறகு ரோட்டைப் பார்த்து, பிறகு சுவரின் வெளி விளிம்பை நோக்கி. எட்சன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தான்.